வாரேன் என்று சொன்னான்

அன்பு மகனே,

"இங்கு யாவரும் சுகம்" என்று தொடங்குவதுதான் முறை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அந்த முதல் வரியை விட்டுவிட்டு எழுதின பையன்களை முட்டிபோட வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதை எழுத எனக்கே கை வரவில்லை. உன் அம்மா சுகம்தான். கலியாணப் பலகாரத்துக்கு மாவு இடிக்க ஆள் பிடிப்பதற்கும் கடைவீதிக்கு நடப்பதற்கும் அவளுக்குப் பொழுது போதவில்லை. சுகமில்லாதவன் நான். காய்ச்சல், மண்டையிடி என்று ஒன்றும் இல்லை, பதறாதே. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கலியாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். உன் பேரையும் எஸ்தர் பேரையும் சேர்த்து வாசித்துவிட்டு, "இவர்கள் விவாகம் செய்யத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்லலாம்" என்று போதகர் கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போல் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. நான் மூன்றாவது பெஞ்சில் பாட்டுப் புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அவர் அடுத்த பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசிக்க இருக்கிறது.

அதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் மதுரையிலிருந்து வந்தது. ஆபீஸ் சிநேகிதர்களோடு பஸ் ஏறி அழகர் மலைக்குப் போனதையும், மரத்தடியில் கட்டுச்சோறு தின்றதையும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க எல்லாரும் தலைதெறிக்க ஓடி வந்ததையும் எழுதியிருந்தாய். கலியாணம் முடிந்த மறு வாரம் எஸ்தரையும் கூட்டிக்கொண்டு செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போகலாம், "நீங்களும் வாங்க அப்பா, ஏழு வருஷமா மலைப் பக்கமே திரும்ப மாட்டேங்கறீங்களே" என்றும் எழுதியிருந்தாய். அடியில் ஒரு கேலி வேறு. ஊரெல்லாம் "போறேன்னு சொல்லாதே, வாரேன்னு சொல்லு" என்று திருத்துகிற வாத்தியார், எஸ்தர் மட்டும் நம் வீட்டு வாசலில் நின்று "போறேன் மாமா" என்று சொல்லும்போது வாயைத் திறக்காதது ஏன், மருமகளாக வரப்போகிறவள் என்று இப்போதே பயமா என்று கேட்டிருந்தாய். நீ விளையாட்டுக்குத்தான் கேட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

உன் தாய்மாமா ஞானமுத்துவை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். நீ ஐந்தாறு வயசாக இருக்கும்போது அவன் தோளில் உட்கார்ந்துதான் முதல் தடவை மலையைப் பார்த்தாய். எனக்கு இந்த மலைப் பித்து எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சனிக்கிழமை வந்தால் வகுப்பறைச் சுண்ணாம்பும் பிள்ளைகள் இரைச்சலும் என் தலைக்குள்ளே கிடந்து குமையும். பஸ் ஏறி மாந்தோப்பு முக்கில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மூங்கில் ஆரம்பிக்கிற இடத்தில் கால் வைத்தால் போதும், நான் வேறு ஆள். "விறகு பொறுக்கவா போறீரு வாத்தியாரே? தேன் எடுக்கவா?" என்று தெருவில் கேட்பார்கள். ஒன்றுக்கும் இல்லை, சும்மா நடக்கத்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். வயிற்றுக்கு இல்லாதவன் மலை ஏறுவான், சாமி கும்பிடுகிறவன் மலை ஏறுவான். சும்மா மலை ஏறுகிற வேதக்காரனை அவர்கள் பார்த்ததில்லை. ஞானமுத்து மட்டும்தான் சிரிக்காமல் கூட வந்தான். அத்தான் கூப்பிட்டால் கிணற்றில் குதிப்பான், அப்படி ஒரு பிள்ளை.

அவன் இராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி ஏறி, முப்பது வயசிலேயே மாடிப்படி ஏறினால் இளைக்கும். "மலைக்காத்துதாம்லே உனக்கு மருந்து" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போவேன். அது பாதி நிஜம். மீதி, எனக்குப் பேச்சுத்துணை வேண்டும். நான் பேசுவேன், அவன் கேட்பான். ஏற்றத்தில் அவனுக்கு மூச்சு வாங்கும்போது, கேட்பதைத் தவிர அவனால் வேறொன்றும் செய்ய முடியாது. என் வகுப்பில் கூட இவ்வளவு ஒழுங்கான மாணவன் கிடைத்ததில்லை.

அவனிடம் ஒரு பழக்கம். எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று "போறேன்" என்பான். மில்லுக்குப் போறேன், சந்தைக்குப் போறேன், ஊருக்குப் போறேன். அவன் வாய்க்கு அதுதான் வரும். எனக்கோ அது காதில் விழுந்தால் முள் தைக்கும். "ஏலே, வாசல்ல நின்னுக்கிட்டு போறேன்னு சொல்லக் கூடாதுன்னு எத்தனை தரம் சொல்லுதேன்? ஒரேயடியாப் போறவன் சொல்ற வார்த்தைலே அது. வாரேன்னு சொல்லு" என்று திட்டுவேன். ஒரு தடவை தெருமுனை வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, வீட்டுக்குள் வரச்சொல்லி, மறுபடி வாசலுக்குப் போய் "வாரேன்" என்று சொல்ல வைத்து அனுப்பினேன். அவன் பெண்டாட்டி உன் அத்தை முன்னால், அவன் பிள்ளை எஸ்தர் முன்னால். அவன் கோபப்படவே இல்லை. "சரி அத்தான், வாரேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகு அவன் வாயில் "போறேன்" வந்து நான் கேட்டதில்லை. ஒரு மனுஷனுடைய பேச்சையே மாற்றிவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்கெல்லாம் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்தார்களே, அந்தக் காலம். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். ஏற்றம் வந்தால் ஆம்பளைகள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். மாந்தோப்பு முக்குக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்று. ஐந்தரையை விட்டால் ஊர் வரை நடைதான். அந்த வாரம் அறுப்பின் பண்டிகைக்காக ஞானமுத்து குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வந்திருந்தான். சனிக்கிழமை காலை நானும் அவனும் கிளம்பினோம். நீயும் வருவதாக இருந்தது. சொல்வதெழுதுதலில் ஒற்று விட்டுவிட்டாய் என்று அந்தப் பாடத்தை ஐம்பது தடவை எழுதச் சொல்லி உன்னை உட்கார வைத்தேன். நீ வந்திருந்தால் மாமாவோடுதான் பின்னால் நடந்திருப்பாய், எப்போதும் போல. ஒரு ஒற்றெழுத்துக்காக உன்னை நிறுத்தினேனே என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ஞானமுத்துவுக்கு ஒரே யோசனை. மில் மேஸ்திரி அன்றைக்கு ராத்திரி ஷிப்டுக்கு ஆள் குறைகிறது, வரமுடியுமா என்று கேட்டிருந்தாராம். "போகவா வேண்டாமான்னு தெரியல அத்தான். பண்டிகையும் அதுவுமா எஸ்தர் மொகத்தைப் பார்த்தா மனசு வர மாட்டேங்கு" என்றான். "மத்தியான பஸ்ஸுக்கு இறங்கிப் போய்க்கோ, வேண்டாம்னா இருந்துக்கோ. இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை?" என்றேன். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மேலே கசத்து மடுவில் தண்ணீர் விழுகிற சத்தம் அப்போதே என் காதில் கேட்டுவிட்டது. சோற்று மூட்டையை அவன்தான் தூக்கி வந்தான். அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோறு, இலையில் மடித்து இரண்டு பொட்டலம், ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. இரண்டையும் எஸ்தர் ஒரு துணியில் வைத்து முடிந்து கொடுத்தாள். தையல் வகுப்பில் அவளே நூலால் மூலையில் பூப்போட்ட துணி.

விறகுக்காரப் பெண்கள் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற பாறை ஒன்று உண்டு, நீயும் அதில் உட்கார்ந்திருக்கிறாய். அங்கே அவன் உட்கார்ந்துவிட்டான். இருமல். காலில் ஒட்டின அட்டையைப் பிய்க்கக் கூடக் குனிய முடியவில்லை. "செத்த நேரம் அத்தான்" என்றான். நான் நின்றேன். என்ன, ஐந்து நிமிஷம் நின்றிருப்பேனா? கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் கசத்துக்குப் போய்ச் சேரும்போதே இறங்குகிற நேரம் வந்துவிடும். "நான் முன்னால நடக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மூங்கில் புதர் திரும்பியிருப்பேன். பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"அத்தான், வாரேன்!"

"சரி, சரி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகனே, நீ மதுரைக்குப் பிழைக்கப் போனவன். அங்கே என்ன சொல்கிறார்களோ தெரியாது. நம் ஊரில் பின்னால் நடந்து வருகிறவனும் வாரேன் என்பான், விடைபெற்றுப் போகிறவனும் வாரேன் என்பான். மத்தியான பஸ்ஸுக்கு இறங்குகிறேன் என்று சொல்கிறானா, இதோ எழுந்து உங்கள் பின்னால் வருகிறேன் என்று சொல்கிறானா? பழைய ஞானமுத்துவாக இருந்தால் சந்தேகமே வந்திருக்காது. இறங்குவதாக இருந்தால் "போறேன்" என்று பட்டென்று சொல்லியிருப்பான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தவன் நான்தான். என்ன சொன்னே என்று கேட்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். ஷிப்டுக்குத்தான் இறங்குகிறான், இனி நம் வேகத்துக்கு நடக்கலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

கசத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் பசித்தது. சோற்று மூட்டை அவன் கையில். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கூறுகெட்ட பய, எஞ்சோத்தையும்லா தூக்கிட்டுப் போயிட்டான்" என்று தண்ணீரைப் பார்த்துத் திட்டினேன். அத்தானுக்குக் கொடுக்காமல் ஒரு வாய் தின்னாதவன், என் பங்குச் சோற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவானா என்று என் புத்திக்கு எட்டவில்லை. எட்டாமல் என்ன, எட்டியிருக்கும். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், அதை மாற்ற எனக்கு இஷ்டமில்லை. உன் அம்மா என்னைப் பற்றிச் சொல்வாளே, "ஒங்கப்பா தப்பாப் போற வண்டியில ஏறிட்டா, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் எறங்க மாட்டாவ" என்று. அவள் வேடிக்கைக்குச் சொல்வது.

நாலரைக்கு இறங்கத் தொடங்கினேன். பாறைக்கு மேலே பாதை ஒடுங்கி, ஒரு பக்கம் ஓடையாகச் சரிந்து கிடக்கும் வளைவு தெரியுமல்லவா, அங்கே வரும்போது கீழே புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கூ என்று ஒரு தடவை. நின்றேன். கருமந்தி இப்படித்தான் குரல் கொடுக்கும். இன்னொரு தடவை கேட்கிறதா என்று நான் நின்ற நேரம் ஒரு பரமண்டல ஜெபம் சொல்கிற நேரம்கூட இருக்காது. கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிஷம். ஐந்தரை பஸ். நடந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் இல்லை, ஜெபத்திலும் இல்லை. இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவை சொல்கிறேன்.

மாந்தோப்பு முக்கில் கிளீனர் காற்றடித்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "என்ன வாத்தியாரய்யா, கூட வந்தவிய எங்க?" என்று கேட்டார்.

"மத்தியான பஸ்ஸுக்கே இறங்கிட்டானே. ராஜபாளையத்துக்குப் போறவன்."

"மத்தியானமும் நாந்தானய்யா வந்தேன். அவிய ஏறலியே."

"கூட்டத்துல நீரு கவனிச்சிருக்க மாட்டீரு."

"எங்க கூட்டம்? ரெண்டு மாங்கா வியாபாரியும் ஒரு கோழிக்கூடையுந்தான் வந்துச்சு."

"அப்ப மாட்டு வண்டி எதிலயாவது போயிருப்பான். நீரு டிக்கெட்டைக் கிழியும்" என்று அதட்டினேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். வாத்தியாரிடம் யார் வாதாடுவார்கள்?

வீட்டுக்கு வந்து காலைக் கழுவுவதற்குள் அத்தை, "எங்க அவுக?" என்று கேட்டாள். ஷிப்டுக்குப் போய்விட்டான் என்றேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பண்டிகைக்குக்கூட இருக்க விட மாட்டேங்கிறாரே என்று மேஸ்திரியைத் திட்டினாள். அப்போதுதான் எஸ்தர் என் முன்னால் வந்து நின்றாள். பதினோரு வயசுப் பிள்ளை. இந்த இடம் உனக்கு ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய்; ஐம்பது தடவை எழுதின நோட்டை என்னிடம் காட்ட எடுத்து வந்திருந்தாய்.

"அப்பா என்ன சொல்லிட்டுப் போனாவ மாமா?"

"அத்தான், வாரேன்னு சொன்னான், போயிட்டான்."

"வாரேன்னு சொன்னா, பின்னால வாரேன்னுதான மாமா அர்த்தம்? அப்பா ஒங்க பின்னாலதான் வந்திருப்பாவ. நீங்க ஏன் நிக்கல?"

நான் சிரித்தேன். சிரித்து, "ஏட்டி, எனக்கே இலக்கணம் சொல்லித் தாரியா? போறேன்னு சொல்லக் கூடாத எடத்துல வாரேன்னு சொல்லுறது மங்கல வழக்கு. எட்டாங் கிளாஸ் வந்தா படிப்பே" என்றேன். உன் அம்மா சிரித்தாள். அத்தைகூட அந்த வருத்தத்திலும் சிரித்துவிட்டாள். நீயும் சிரித்தாய். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தெருவுக்குப் போய், பஸ் நிற்கிற முக்கில் விளக்கு வைக்கும்வரை நின்றுவிட்டு வந்தாளாம். அத்தை பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் நான் ஒரு லாந்தரையும் நாலு ஆளையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் அவன் உயிரோடு கிடைத்திருப்பான். அவன் சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான், அவள் வாயை அடைத்தவன் நான்.

ஞாயிறு பண்டிகை முடிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் மில்லிலிருந்து ஆள் வந்து, ஞானமுத்து ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்ட பிறகுதான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஓடினேன். செவ்வாய்க்கிழமை காலையில் தேன் எடுக்கிற பளியர் ஒருவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். மற்றவர்களைப் பாறைக்குக் கீழே தேட விட்டுவிட்டு, அவர் என்னை மட்டும் மேலே கூட்டிக்கொண்டு போனார். அந்த வளைவுக்குக் கீழேதான் கிடந்தான். பாறைக்கு மேலே, மகனே. பஸ்ஸுக்கு இறங்குகிற பாதையில் அல்ல, என் பின்னால் வருகிற பாதையில். மழையில் ஊறின விளிம்பு அவன் காலோடு பெயர்ந்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்திருந்தது. வேட்டியைக் கிழித்துக் காலைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். முதலில் கட்டின கட்டு ரத்தத்தோடு ஒரு பக்கம் கிடந்தது, காலில் இருந்தது இரண்டாவது கட்டு. பளியர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "விழுந்த அன்னிக்குச் சாகல சாமி. நேத்து வரைக்கும் உசுரு இருந்திருக்கு."

தலைமாட்டில் சோற்று மூட்டை இருந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு இலை காலி, மடித்து வைத்திருந்தான். இன்னொரு பொட்டலம் நார் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்துக் கெட்டுப்போயிருந்தது. இரண்டு நாள் பசியோடு கிடந்தவன் என் பங்கைத் தொடவில்லை.

அப்புறம் நான் செய்ததைக் கேள். "கீழே யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்று அந்தப் பளியரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் யாருகிட்ட சாமி சொல்லப் போறேன்" என்றார். அவன் காலில் இருந்த கட்டை அவிழ்த்து எறிந்தேன். சோற்றைப் புதருக்குள் கொட்டினேன். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பாறைக்குக் கீழே தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன். ஷிப்டுக்கு இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது, விழுந்த உடனே ஜீவன் போய்விட்டது என்று உன் அம்மாவிடமும் அத்தையிடமும் சொன்னேன். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். வாத்தியார் சொல்வதை எல்லாரும் நம்பினார்கள். அத்தை இன்றுவரை அந்த மேஸ்திரியைச் சபிக்கிறாள். "அந்த ராத்திரி ஷிப்டுதான் எந்தாலியை அறுத்துச்சு" என்று அவள் ஒவ்வொரு தடவை அழும்போதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அந்த மேஸ்திரி அடக்கத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போன நல்ல மனுஷன். அத்தை அந்தத் துணியைக்கூட ரொம்ப நாள் தேடினாள். பிள்ளை பூப்போட்டது, எங்கே போச்சோ என்று. காட்டில் விழுந்திருக்கும் என்று சொன்னேன்.

அடக்கம் முடிந்து அவர்கள் இராஜபாளையத்துக்குக் கிளம்பின அன்று, எஸ்தர் நம் வாசலில் நின்று "போறேன் மாமா" என்றாள். உன் அம்மா பதறி, "அப்படிச் சொல்லாதட்டி, வாரேன்னு சொல்லு" என்றாள். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தே மறுபடியும் சொன்னாள்: "போறேன் மாமா." அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு என்னிடம் அந்த ஒரு வார்த்தைதான். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் ஏழு வருஷமாக வரவில்லை. இப்போது தெரிகிறதா, நான் ஏன் அவளைத் திருத்துவதில்லை என்று?

நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னபோது, முறைப்பெண், தகப்பன் இல்லாத பிள்ளை, நம் வீட்டுக்கே வரட்டும் என்று நான்தான் முதலில் சம்மதம் சொன்னேன். அவளை மகள் மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை. அது அயோக்கியத்தனம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சில்தான் உறைத்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டபோது, அந்தத் தடையே நான்தான். தன் தகப்பனைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அவள் வாழ்நாள் முழுவதும் சோறு போட வேண்டும், அதுவும் தெரியாமலேயே போட வேண்டும் என்றால் அது நியாயமா?

அதனால் நீ செய்ய வேண்டியது இது. லீவு போட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இராஜபாளையத்துக்குப் போ. இந்தக் கடிதத்தை எஸ்தரிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, அவளே வாசிக்கட்டும். நடுவில் எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே. இந்தக் கலியாணம் வேண்டாம் என்று அவள் சொன்னால் அவளைக் கெஞ்சாதே. போதகரிடம் நானே போய்ச் சொல்கிறேன், காரணத்தோடு. கலியாணம் செய்கிறேன், ஆனால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னால் மதுரையிலேயே இருங்கள். அத்தையிடமும் அம்மாவிடமும் நான் என் வாயால் சொல்லுகிறேன். அந்த வேலையை உன் தலையில் கட்டமாட்டேன். உனக்கு என் மேல் எவ்வளவு வெறுப்பு வந்தாலும் அது நியாயமானதுதான். சமாதானம் சொல்லி எழுதாதே.

புத்தி சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. ஆனாலும் நீ மலை ஏறுகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். கூட வருகிறவர்களில் யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவரை முன்னால் விட்டு நீ பின்னால் நட. கடைசி பஸ் போனால் போகட்டும், நடந்து வா, இல்லை தோப்பில் படுத்துக் கிட. பின்னாலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால், புரிந்த மாதிரி இருந்தாலும் நின்று, திரும்பி, முகத்தைப் பார்த்து, என்ன சொன்னே என்று கேள். வீட்டுக்குள்ளேயும் அப்படியே கேள். எஸ்தர் இதை வாசித்துவிட்டு வாரேன் என்று சொன்னாலும் சரி, போறேன் என்று சொன்னாலும் சரி, எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணி வைத்திருக்கிறேன். ஏழு வருஷமாக என் பெட்டியில் அகராதிக்கு அடியில் கிடந்தது. மூலையில் உள்ள பூவைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். கடிதத்தை வாசித்து முடித்த பிறகு கொடு, முன்னால் கொடுக்காதே. கொடுக்கும்போது, அவள் முடிந்து கொடுத்த இரண்டு பொட்டலத்தில் மாமாவுடைய பொட்டலத்தை அவள் அப்பா கடைசிவரை பிரிக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்.

உன் அப்பா